புள்ளிராஜாவின் மனைவி

செல்வம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று கேட்டால், நம் தோழர்கள் உறக்கத்திலேயும் விடை கூறுவர். ஏரோட்டுபவன் ஒருவன், களஞ்சியம் நிரப்புபவன் வேறொருவன்; நூல் நூற்பவள் ஒருத்தி, பட்டு உடுத்துபவள் மற்றொருத்தி. மேடைதோறும் முழங்கிய செய்தி இது. மூலை முடுக்கெல்லாம் அறிந்த செய்தி. ஆனால், தோழர்களே, அறிவும் அதே தராசிலேதான் நிறுத்துக் கொடுக்கப்படுகிறது என்பதை நாம் எத்தனை மேடைகளிலே எடுத்துரைத்திருக்கிறோம்? காவியம் கற்கும் அறிவைச் சொல்லவில்லை. கணிதம் போடும் அறிவையும் சொல்லவில்லை. உயிரைக் காத்துக்கொள்ளும் அறிவைச் சொல்கிறேன். எதனால் நோய் வரும், எதனால் வராது, வந்தால் எங்கே செல்வது என்ற அந்த எளிய அறிவும்கூட மச்சு வீட்டுக்கு முதலில், மண்குடிசைக்குக் கடைசியில். ஆடவர்க்கு முதற்பந்தி, பெண்டிர்க்கு மிச்சம் மீதி என்ற முறையிலேதான் இந்நாட்டிலே பரிமாறப்படுகிறது.

எச்.ஐ.வி. கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏழையா செல்வரா என்று கேட்பதில்லை, குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கிருமியைப் பற்றிய செய்தி இருக்கிறதே, அது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள்ளே நுழைகிறது!

கற்பனை என்று கருதிவிடாதீர்கள். கணக்கு இருக்கிறது. 1998-99ஆம் ஆண்டுகளிலே நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்போது, மணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டனர்: எய்ட்ஸ் என்றொரு நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? நூற்றுக்கு 40 பேரே உண்டு என்றனர். நகரத்துப் பெண்களிலே 70 பேர். நாட்டுப்புறத்துப் பெண்களிலே 30 பேர். பீகாரத்திலே நூற்றுக்கு 12 பேர். தமிழ்நாட்டிலே 87 பேர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே கேள்வி! பாட்னாவுக்கு அப்பால் பிறந்தவளுக்கும் பவானிக்கரையிலே பிறந்தவளுக்கும் மூளையின் எடையிலா வேறுபாடு? பள்ளி இருந்ததும் இல்லாததும்தான் வேறுபாடு. மருத்துவச்சி வந்ததும் வராததும்தான் வேறுபாடு.

தமிழ்நாட்டின் 87ஐக் கேட்டு மார்தட்டத் துடிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கேள்விப்பட்டிருப்பது வேறு; தெரிந்துவைத்திருப்பது வேறு. பேயைப் பற்றியும்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்!

தெரிந்துவைத்திருப்பதை அளப்பதற்கு ஆய்வாளர்கள் ஐந்து வினாக்கள் வைத்திருக்கிறார்கள். ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தினால் ஆபத்து குறையுமா? கிருமியில்லாத, வேறு உறவில்லாத ஒரே துணையோடு வாழ்ந்தால் ஆபத்து குறையுமா? பார்வைக்கு நல்ல உடல்நலத்தோடு தோன்றும் ஒருவரிடம் கிருமி இருக்கக்கூடுமா? இவை மூன்று. பரவலான பொய் நம்பிக்கைகள் இரண்டை மறுக்கத் தெரிகிறதா என்பது மீதி இரண்டு: கொசுக்கடியால் பரவும், உடனிருந்து உண்டால் பரவும் என்பன போன்றவை. இந்த ஐந்துக்கும் சரியான விடை தருபவருக்கே முழுமையான அறிவு உண்டென்று கொள்வர். பட்டம் பெறுவதற்கான தேர்வல்ல இது; பத்தே நிமிடத்தில் கற்பித்துவிடலாம். இந்தத் தேர்விலே 2005-06இல் இந்தியப் பெண்கள் நூற்றுக்கு 17 பேர் தேறினர். ஆண்கள் 33 பேர். 2019-21இல் பெண்கள் 21.6, ஆண்கள் 30.7. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உருண்டோடிய பிறகு, பெண்களின் கணக்கு ஐந்து விழுக்காடுகூட ஏறவில்லை. ஆண்கள் கணக்கோ இறங்கியிருக்கிறது! ஆடவர் அறிவிலே திளைக்கின்றனர் என்று நான் சொல்ல வரவில்லை என்பது இப்போது விளங்கும். குருடருக்குள்ளே ஒற்றைக் கண்ணர் என்ற நிலைதான்.

எந்தப் பெண் தேறுகிறாள், எந்தப் பெண் தவறுகிறாள்? ஆய்வுக்கு ஆய்வு அதே கதைதான். பள்ளியிலே பயின்ற ஆண்டுகள் கூடக்கூட அறிவு கூடுகிறது. வீட்டின் வளம் கூடக்கூட அறிவு கூடுகிறது. நகரத்திலே மிகுதி, சிற்றூரிலே குறைவு; பழங்குடிப் பெண்களிடையே மிகக் குறைவு. இது ஏன் என்று வினவினால், ‘பாமரர்கள்தானே, அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று கையை விரிக்கும் கனவான்கள் உண்டு. அக்கறையைப் பற்றிப் பிறகு பேசுவோம். செய்தி எந்த வழியே போயிற்று என்று முதலில் பார்ப்போம்.

தொலைக்காட்சி வழியே போயிற்று. எய்ட்ஸ் பற்றிய செய்தியை மிகுதியாகப் பரப்பிய கருவி அதுதான். அப்படியானால் மின்கம்பி போன வீட்டுக்குச் செய்தி போயிற்று. மின்கம்பி போகாத வீட்டுக்குப் போகவில்லை. பெட்டி வாங்கப் பணமிருந்தவள் அறிந்தாள். பெட்டி இருந்த வீட்டிலே பாத்திரம் துலக்கியவள் விளம்பரத்தின் பின்பாதியைக் கேட்டாள். பாடநூல் வழியே போயிற்று. நம் மாநிலத்துப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலே எய்ட்ஸ் பற்றிய பாடம் இருக்கிறது. மிக நன்று! எட்டாம் வகுப்போடு பையை மாட்டத்திலே மாட்டிவிட்டு, தம்பியைத் தூக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டவளுக்கு அந்தப் பாடத்தை எந்த வாத்தியார் நடத்தினார்? பிறகு சுவரொட்டி வழியே போயிற்று. எந்தச் சுவர்? பேருந்து நிலையச் சுவர், தேநீர்க்கடைச் சுவர், லாரிகள் நிற்கும் சாலையோரச் சுவர். அங்கெல்லாம் நிற்பவர் யார், நின்று படிப்பவர் யார்? பெண்ணொருத்தி பேருந்து நிலையச் சுவரருகே நின்று ஆணுறை விளம்பரத்தை வாசித்தால், அன்று மாலைக்குள் ஊர் அவளுக்கு ஒரு பட்டம் கட்டிவிடாதா?

நம்மையும் இங்கே விட்டுவைக்க வேண்டியதில்லை. நம் இயக்கங்கள் கண்ட படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். முடிதிருத்தகத்திலே ஏடு, தேநீர்க்கடையிலே ஏடு, தெருமுனைப் படிப்பகத்திலே ஏடு. ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டு உலகறிந்தனர். பெருமைக்குரிய வரலாறு! ஆனால் அந்தப் பத்துப் பேரிலே பெண் எத்தனை பேர்? 2005-06இல் எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்ட ஆண்கள் நூற்றுக்கு 84; பெண்கள் 61. அந்த 23 பேருடைய இடைவெளியிலே தேநீர்க்கடைப் பெஞ்சுக்கும் ஒரு பங்கு உண்டு.

தமிழ்நாட்டிலே இந்நோயின் வரலாறு தொடங்கிய முறையும் ஒரு திரையைப் போட்டுவிட்டது. 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியிலே நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த சுனிதி சாலமனும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் தள்ளப்பட்டிருந்த பெண்களின் குருதியைச் சோதித்து, இந்தியாவிலே இக்கிருமி இருப்பதை முதன்முதலாக மெய்ப்பித்தனர். துணிச்சலான பணி, அரும்பணி. ஆனால் நாடு அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன? ‘இது அவளுக்கு வரும் நோய், இவளுக்கு வராது’ என்ற பாடம்! விலைமகளுக்கு வரும், குலமகளுக்கு வராது என்று கோடு கிழித்துவிட்டார்கள். கிருமி அந்தக் கோட்டைத் தாண்டிக் கொல்லைப்புறமாக அல்ல, தலைவாசல் வழியாகவே, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

2000களின் தொடக்கத்திலே தமிழ்நாடெங்கும் ஒரு கேள்வி எழுந்தது, நினைவிருக்கிறதா? ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் கேட்டது, சாலையெல்லாம் கேட்டது. யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசிற்று. நாடகமெழுதுபவன் என்ற முறையிலே அந்த உத்தியை நான் மெச்சுகிறேன். ஒற்றைக் கேள்வியிலே நாட்டைத் திரும்பிப் பார்க்க வைப்பது எளிதல்ல. ஆயினும் நாடகக்காரனுக்கே உரிய குறையும் எனக்குத் தோன்றியது. கதாநாயகன் மேடைக்கு வந்துவிட்டான், நாயகி எங்கே? புள்ளிராஜாவுக்கு வருமா என்று கேட்ட நாடு, புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று அவ்வளவு உரக்கக் கேட்கவில்லையே! அவள் பெயர் என்ன, எந்த வகுப்புவரை படித்தாள், அந்தச் சுவரொட்டியைக் கண்டபோது, அதிலே தன் வீட்டுக் கதை இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்ததா?

அவளுக்கு வந்தது, தோழர்களே. சென்னையிலே சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு, அவர்களிலே பெரும்பாலோர் இல்லத்தரசிகள், கணவனன்றி வேறு ஆடவனை அறியாதவர்கள் என்று கூறிற்று. இன்று இந்தியாவிலே இக்கிருமியோடு வாழ்வோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவர்களிலே நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர் பெண்கள். நாமக்கல் வட்டாரத்தை எண்ணுங்கள். லாரித் தொழிலால் ஊர் வளர்ந்தது, உழைத்தவன் வாரக்கணக்கிலே சாலையிலே கிடந்தான், தொற்று மிகுந்த மாவட்டங்களின் வரிசையிலே அந்தப் பெயரும் ஏறிற்று. மணத்தின் வாயிலாகவே கிருமியைப் பெற்ற கௌசல்யா என்ற பெண்மணியும் அவரைப் போன்றோரும் 1998இல் சென்னையிலே ஒன்றுகூடி, இத்தொற்றுடன் வாழும் பெண்களுக்கென ஓர் அமைப்பையே கண்டனர். கற்பு காக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்தக் கற்பு அவர்களைக் காத்ததா? ஆய்வாளரின் மூன்றாம் வினாவை மறுபடியும் படியுங்கள்: நல்ல உடல்நலத்தோடு தோன்றும் ஒருவரிடம் கிருமி இருக்கக்கூடுமா? ‘கூடும்’ என்று ஒரு பெண் விடை சொல்ல வேண்டுமானால், தன் கணவனைப் பற்றி ஒரு கணம் ஐயுற வேண்டும். ஐயுறுவதே பாவம் என்று வளர்க்கப்பட்டவள் அந்த வினாவிலே தவறாமல் என் செய்வாள்?

சரி, அவளுக்கு உண்மை எப்போது தெரிகிறது? இன்றைய ஏற்பாட்டிலே ஓர் ஏழைப்பெண், தன் வாழ்நாளிலே முதன்முறையாக இக்கிருமிக்கான சோதனையைச் சந்திப்பது பெரும்பாலும் கருவுற்றபோதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலே குருதி எடுக்கிறார்கள். நம்பிக்கை மையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சோதனை வேண்டும். பிள்ளையைக் காக்கிறது அது. மருந்தில்லாவிடில் தாயிடமிருந்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள்வரை கிருமியைப் பெறக்கூடும். மருந்துண்டானால் 5க்கும் கீழே இறக்கிவிடலாம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் மேடையேற்றிப் பாருங்கள். மையத்து மர பெஞ்சு. ஐந்து மாதக் கர்ப்பிணி. பக்கத்திலே மாமியார்.

“யாருக்குன்னு சொன்னீங்க?”

“உங்க மருமகளுக்கு, அம்மா. உங்க மகனையும் ஒரு நாள் கூட்டிட்டு வரணும். அவருக்கும் பார்க்கணும்.”

“எம் மவனுக்கு எதுக்கு? அவன் கல்லு மாதிரி இருக்கான். கொண்டாந்தவ இங்கதானே உக்காந்திருக்கா!”

முடிந்தது வழக்கு. முதலில் சோதிக்கப்பட்டவள் எவளோ அவளே முதற் குற்றவாளி! ஒரே நாளிலே நோயின் பெயரையும் கற்றுக்கொள்கிறாள், தனக்கு நோயிருப்பதையும் அறிகிறாள், பழியையும் சுமக்கிறாள். வசதியுள்ள வீட்டுப் பெண் நாளேட்டிலே படித்து, மருத்துவரைத் தனியே கண்டு, கதவை மூடிக்கொண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவு இவளுக்கு இந்த வடிவிலே வந்து சேர்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாளிகைப் பெண்ணெல்லாம் மேதை என்று யாரும் மயங்க வேண்டாம். தேர்விலே தேறாதோர் அங்கேயும் ஏராளம். குடும்ப மானம் என்ற திரை பட்டுத் திரையானாலும் திரைதானே! ஆயினும் அவள் தவறிவிட்டால் தாங்கிப்பிடிக்கத் தாய்வீட்டுச் சொத்து உண்டு, தனி மருத்துவர் உண்டு. குடிசைப் பெண்ணின் அறியாமைக்கு அபராதம் உயிராக அல்லவா வசூலிக்கப்படுகிறது!

அறிந்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? ஆணுறை காக்கும் என்று அவளுக்குத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். கேட்பது யார்? கூலியும் கணவன் கையிலே, குடிசையும் கணவன் பெயரிலே, மூன்றாவது பிரசவம் வாசலிலே. இந்த நிலையிலே இருப்பவள், “எனக்கு உன்மேல் ஐயம்” என்று பொருள்படும் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவாளா? “எங்கே கற்றாய் இதை?” என்ற பதிலோடு அறையும் விழாதா? திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலை விடுதிகளுக்கு இளம்பெண்களை அழைத்துச் சென்றார்களே, திருமணத் தொகை சேர்த்துத் தருவதாகச் சொல்லி; சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரும் வைத்தார்களே! அந்தப் பெண் உழைத்தாள், பணமும் சேர்ந்தது. அவள் கைக்கு வருவதற்குமுன் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளையின் குருதியைச் சோதிக்கச் சொல்லும் உரிமை அந்தப் பணத்திலே ஒரு காசளவாவது அவளுக்கு வாங்கித் தந்ததா? அறிவுக்குக் கால் வேண்டும். பெண்ணைப் பொறுத்தவரை, சொந்தக் கூலியும் சொந்தக் கூரையும்தான் அந்தக் கால்கள்.

வறுமையிலே கிடப்போர் இதையெல்லாம் கற்கமாட்டார் என்ற வாதத்துக்கு, வங்கம் பதில் சொல்லிவிட்டது. கல்கத்தாவின் சோனாகாச்சி. பாலியல் தொழிலாளர் வாழும் பகுதி. 1992இலே ஸ்மரஜித் ஜானா என்ற மருத்துவர் அங்கே பணி தொடங்கியபோது, வெளியிலிருந்து உபதேசிகளைக் கொண்டுவந்து கொட்டவில்லை. அந்தப் பெண்களையே பயிற்றுவித்து, அந்தப் பெண்களுக்கே ஆசிரியைகளாக்கினார். 1995இலே அவர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டனர். பின்னர்ச் சேமிப்புக்கான கூட்டுறவும் கண்டனர். எழுத்தறியாதோர் மிகுந்திருந்த அந்தத் தெருக்களிலே ஆணுறைப் பயன்பாடு பெருகிற்று. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியிலே பாதிக்கு மேற்பட்ட பெண்களிடம் கிருமி காணப்பட்ட அக்காலத்திலே, இங்கே அது அதைவிட மிகத் தாழ்ந்தே நின்றது. விந்தை பாருங்கள்! நாடு எவளை இழிந்தவள் என்றதோ, அவள் இந்த ஒரு துறையிலே நாட்டின் குடும்பப் பெண்ணைவிட அறிவாளியானாள். சங்கம் இருந்தது, ‘முடியாது’ என்று ஒருத்தி சொன்னால் நூறு பேர் பின்னே நின்றனர். அதனால் அறிவு பயன்பட்டது. ‘அக்கறை இல்லை’ என்று கைவிரித்த கனவான்கள் கல்கத்தாவுக்கு ஒரு பயணச்சீட்டு எடுப்பார்களாக!

பள்ளியிலே சொல்லிக் கொடுக்கலாமே என்றால், அங்கேயும் பண்பாட்டுக் காவலர்கள் நின்றார்கள். 2007இலே வளரிளம் பருவக் கல்விக்கு மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் தடை விதித்தன. பிள்ளைகள் கெட்டுவிடுவார்களாம்! சொல்லாமல் விட்டதனால் கெடாமல் இருந்தார்களா என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. செய்தி ஒரே நாளிலே முழுதாக வருவதில்லை, அடுக்கடுக்காக வருகிறது. முதல் அடுக்கு அச்சம். 1990களிலே மண்டை ஓட்டுப் படம் போட்டு, ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று மிரட்டினார்கள். அந்த அடுக்கு சிற்றூர்வரை எட்டிவிட்டது. அடுத்த அடுக்குகள்? 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளிலே கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கினர். தொடக்கத்திலே தெரிந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளிலே நம் தாம்பரமும் ஒன்று. 2017 முதல், கிருமி கண்டறியப்பட்ட எவருக்கும் காத்திருக்காமல் மருந்து தரலாம் என்ற விதி வந்தது. நாள்தோறும் மருந்துண்டு, குருதியிலே கிருமி கண்டுபிடிக்க இயலாத அளவுக்கு அடங்கிவிட்டால், உறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை என்பது இன்றைய மருத்துவம். அதே 2017இலே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. 2018 செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலின்றிச் சோதிக்கலாகாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டலாகாது, குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது அது. கணவன் இறந்த பதினாறாம் நாள், “நீதான் அவனைக் கொன்றாய்” என்று துணிமூட்டையோடு தெருவிலே நிறுத்தப்படும் பெண்ணுக்கு, அந்த வீட்டிலே வாழும் உரிமை சட்டப்படி உண்டென்று எவர் சொன்னார்? அச்சம் அவளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது; உரிமை இன்னும் வழியிலே இருக்கிறது.

ஆகவே, கிளைகள்தோறும் ஒரு வேலை காத்திருக்கிறது. டிசம்பர் முதல் நாள் ஒரு நாள் மட்டும் சிவப்பு நாடாவைச் சட்டையிலே குத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதைச் சொல்லவில்லை. 1989இலே தருமபுரியிலே தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. கடன் தவணைக்காக அந்தப் பெண்கள் தவறாமல் கூடுகிறார்கள். கூடிய இடத்திலே கணக்குப் புத்தகம் மூடியபின் பத்து நிமிடம் கேளுங்கள். அந்த ஐந்து வினாக்களை ஒரு பெண் தோழர் எழுந்து கேட்கட்டும். கிராம சுகாதாரச் செவிலியர் விடை கூறட்டும். இத்தொற்றுடன் வாழும் பெண்ணொருத்தி தானே விரும்பி முன்வந்து பேசுவாளானால், ஆயிரம் சுவரொட்டிக்கு அது மேல். அவள் பெயரை எவரும் கேட்கக் கூடாது. கட்டணமில்லா 1097 என்ற தொலைபேசி எண்ணை ரேஷன் கடையிலும், அங்கன்வாடியிலும், பஞ்சாலை விடுதியின் குளியலறைக் கதவிலும் ஒட்டுங்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு படிக்க அவளுக்கு வேறிடம் கிடையாது. திருமணம் நிச்சயிக்கும் வீட்டிலே நம் தோழர் எவரேனும் இருந்தால், ஜாதகம் பார்க்கும் நேரத்திலே, “இரு பக்கத்தாரும் விரும்பி ஒரு சோதனை செய்துகொள்ளலாமே” என்று சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். முதலிலே நம் வீட்டு மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

கூட்டத்தை மட்டும் வழக்கம்போல் மாலை ஏழு மணிக்கு வைத்துவிடாதீர்கள். அது உலை கொதிக்கும் நேரம். பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் முடித்துவிடுங்கள். முன்வரிசை நாற்காலிகளிலே நாம் உட்கார வேண்டாம்.